ஓரியின் அம்பும் ஒல்லிக் கணினியும்

கடைக்காரர் அதை எடுத்துக் காட்டும் அழகைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டே விரல்களால், பொரித்த அப்பளத்தை எடுப்பது போல எடுக்கிறார். மேஜை மீது மெதுவாக வைக்கிறார். மூடியைத் திறக்கிறார். பளிச்சென்று ஒரு நீல வானம் தெரிகிறது. "வெறும் ஒன்றேகால் கிலோதான், அம்மா" என்கிறார். அந்த க்ஷணத்திலேயே நம் வீட்டுப் பிள்ளையின் முகம் மலர்ந்து விடுகிறது. அப்புறம் நமக்கு வாயைத் திறக்க ஏது சந்தர்ப்பம்?

எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஒல்லியான மடிக்கணினியை அதன் ஒல்லிக்காகவே வாங்கினேன். ஒன்றரை வருஷத்தில் அதில் இடம் நிரம்பி விட்டது. இன்னும் கொஞ்சம் இடம் சேர்த்துத் தரும்படி பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். அவர் அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் பலகையோடு பற்றவைத்து விட்டார்களம்மா. என்னால் செய்யக்கூடியது திரும்ப மூடித் தருவதுதான்" என்றார். அந்தக் கம்பெனியின் பெயர் எதற்கு? விசாரிக்காமல் ஆசைப்பட்ட குற்றம் என்னுடையது.

என் அசட்டுத்தனத்தோடு அந்தக் கதை முடிந்திருக்கும். ஆனால் கொல்லிமலையில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேடியபோதுதான் இந்த விஷயத்தை நான் சரியாக யோசித்தேன்.

எடப்புளி நாட்டில் ஒரு கேள்வி

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் பேச்சு நிற்கும். இருபதாவதில் எலுமிச்சம்பழம் வெளியே வரும். எழுபதாவதில் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் எல்லாம் மறந்து போகும். மேலே ஊர்களை 'நாடு' என்றே சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பல. அவற்றில் ஒன்று எடப்புளி நாடு. எங்கள் வீட்டுக்கு வருஷந்தோறும் மிளகும் காப்பிக்கொட்டையும் தரும் குடும்பம் அங்கே இருக்கிறது.

சென்ற ஆனி மாதம் நான் போனபோது, வீட்டுத் திண்ணையில் மிளகு மூட்டைகள் விலைக்குக் காத்திருந்தன. பக்கத்தில் வர்ணப் படங்கள் போட்ட ஒரு விளம்பரத் தாள். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கணிதம் படிக்கப் போகிறாள். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பெண் அவள்தான்.

"அம்மா, நீங்க பட்டணத்துல இருக்கறவங்க. இதுல எதை வாங்கறதுன்னு சொல்லுங்க" என்று தாளை நீட்டினார் தகப்பனார். விரல் வைத்துக் காட்டிய படம், நான் வாங்கி ஏமாந்த ஜாதியைச் சேர்ந்த ஒல்லிக் கணினி!

"பணம்?" என்றேன்.

அவர் மூட்டைகளைப் பார்த்தார். அவருடைய மனைவி, "என் சீட்டுப் பணமும் இருக்குதுங்க. ஆனா அது ஆஸ்டலுக்குன்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குச் சொரேர் என்றது. நான் தவறாகச் சொன்னால் வீணாவது ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பல்லவா? "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

அன்றிரவு வல்வில் ஓரியின் நினைவு வந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை அல்லவா இது? அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கொண்டு போய்க் கடைசியில் ஓர் உடும்பின் மேல் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நாமும் அப்படி ஓர் அம்பைத்தான் கடையில் தேடுகிறோம். விலை குறைவாக இருக்க வேண்டும். பல வருஷம் உழைக்க வேண்டும். உள்ளே இடம் தாராளமாக இருக்க வேண்டும். அப்பளம் போல ஒல்லியாகவும் இருக்க வேண்டும்! அந்த அம்பு ஓரியோடு போய்விட்டது. நமக்கு ஒன்றை விட்டால்தான் ஒன்று.

ஒல்லி பிறந்த கதை

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி விற்ற முதல் வட்டுச் சேமிப்பு யந்திரத்தில், இரண்டடி அகலமுள்ள 50 வட்டுகள் சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவும் சேர்ந்து கொண்டது சுமார் 5 மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படத்துக்கு அது சரியாய்ப் போய்விடும்!

அங்கிருந்து 52 வருஷம் தாண்டுவோம். 2008 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு சாதாரணக் காகித உறையை எடுத்து வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு கணினியை உருவினார். 'மாக்புக் ஏர்' என்று பெயர். சபை கரகோஷம் செய்தது. அதன் எடை 1.36 கிலோ, தடித்த இடத்தில்கூட இரண்டு சென்டிமீட்டருக்குள்தான்.

ஆனால் அந்த மெலிவுக்கு எவற்றையெல்லாம் காணிக்கையாகக் கொடுத்தார்கள் தெரியுமா? விலை 1,799 டாலர். வெளிச் சாமான்களைச் செருகும் யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. குறுந்தகடு போடும் வசதி கிடையாது. பாட்டரியை நாமே கழற்ற முடியாது. சேமிப்பு வட்டு 80 ஜிபி. சுழலும் வட்டுக்குப் பதிலாக ஃப்ளாஷ் சேமிப்பு வேண்டுமென்றால் 64 ஜிபிதான். அதற்கு இன்னும் 999 டாலர் கொடுக்க வேண்டும். இடம் குறைந்தது, விலை ஏறியது!

பிறகு நிலைமை மாறியது. 2010-ல் அதே கம்பெனி ஃப்ளாஷ் சேமிப்போடு 999 டாலருக்கு ஒரு சிறிய கணினியைக் கொண்டு வந்தது. 2011-ல் இன்டெல் கம்பெனி 'அல்ட்ராபுக்' என்ற பெயரைப் பிரபலப்படுத்தியது. இன்று நம் ஊர்க் கடைகளில் எல்லாக் கம்பெனிகளும் ஒல்லிக் கணினி விற்கின்றன. பேரம் மட்டும் அன்று போலத்தான். ஒல்லியாக்க வேண்டுமென்றால் எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் சாமர்த்தியம்.

விலை

விலைச் சீட்டில் எழுதியிருப்பது பாதி விலைதான். துளைகள் குறைவாதலால் அவற்றைப் பெருக்கிக் கொள்ள ஓர் இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும். இடம் போதாததால் வெளிச் சேமிப்பு வட்டு. மெல்லிய உடம்புக்குக் கனத்த பஞ்சு வைத்த பை. ஒரு வருஷ உத்தரவாதத்தை நீட்டிக்க மேலும் பணம். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகு வருவதே அசல் விலை.

அப்புறம் அதை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 72,000 ரூபாய்க்கு வாங்கிய ஒல்லிக் கணினி நாலு வருஷம் உழைத்தால் மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. 45,000 ரூபாய்க்கு வாங்கிய சற்றுத் தடித்த கணினி ஐந்து வருஷம் உழைத்தால் மாதம் 750 ரூபாய். சரி பாதி!

எடப்புளி நாட்டுக் கணக்கு இன்னும் தெளிவானது. மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், முதல் கணினி 120 கிலோ மிளகு. இரண்டாவது 75 கிலோ. நடுவே 45 கிலோ வித்தியாசம். மரத்தில் ஏணி சாத்தி, கொடி கொடியாகப் பறித்து, கதிரை உதிர்த்து, வெயிலில் உலர்த்திய மிளகு. பச்சையாகப் பறித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்த பின் மிஞ்சும் என்பதையும் மறக்கக் கூடாது. நாம் பட்டணத்தில் மாதத் தவணை என்ற பெயரில் அந்த ஏணியை மறைத்துக் கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த 45 கிலோவுக்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? 400 கிராம் எடை குறைவு. அதாவது நாலு வாழைப்பழம்!

இதை வேடிக்கையாக மட்டும் சொல்லவில்லை. தினம் தோளில் சுமந்து, பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றுகொண்டே வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நாலு வாழைப்பழம் பெரிய பாரந்தான். முதுகு வலியைப் பணத்தால் அளக்க முடியாது. அவளுக்கு ஒல்லிக் கணினி தகும். ஆனால் விடுதி அறையிலேயே இருந்து, மாதம் ஒரு முறை மலையேறும் கணினிக்கு?

ஆயுள்

ஒல்லியானதெல்லாம் சீக்கிரம் உடையும் என்று நினைக்க வேண்டாம். அலுமினிய உடம்புள்ள மெல்லிய கணினி, பிளாஸ்டிக் உடம்புள்ள தடித்த கணினியைவிட உறுதியாக இருப்பதுண்டு. ஃப்ளாஷ் சேமிப்பு உள்ளதற்கு இன்னொரு பலமும் உண்டு. பழைய வட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும். அதன் மேல் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் ஓர் ஊசி நகரும். அது ஓடிக் கொண்டிருக்கும்போது குலுக்கினால் ஆபத்து. ஃப்ளாஷில் சுழல்வது எதுவும் கிடையாது. 70 வளைவுகளும் அதை ஒன்றும் செய்யா.

ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. மெல்லிய மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கண்ணாடித் திரை நெளிகிறது. உள்ளே காற்றோட்டத்துக்கு இடமில்லாததால் சூடு தங்குகிறது. சூடானால் யந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். விசைப்பலகையையும் மெல்லியதாக்கப் போய், உலகப் புகழ் பெற்ற கம்பெனியே அவதிப்பட்டது. 2015-ல் ஆப்பிள் கொண்டு வந்த 'பட்டாம்பூச்சி' விசைகளில் துளித் தூசு புகுந்தாலும் எழுத்து விழாமல் போகும், அல்லது இரண்டு முறை விழும். 2018-ல் அவற்றை இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019-ல் பழைய மாதிரி விசைகளுக்கே திரும்பத் தொடங்கினார்கள்.

பாட்டரி விஷயம் முக்கியமானது. லித்தியம்-அயனி பாட்டரியைக் கண்ட மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நியாயமான பரிசு, ஆனால் பாட்டரி சிரஞ்சீவி அல்ல. தயாரிப்பைப் பொறுத்துச் சில நூறு முறையிலிருந்து ஆயிரம் முறை வரை முழுதாக நிரப்பிக் காலி செய்த பின் அதன் கொள்ளளவு குறைகிறது. சூடும், எப்போதும் நூற்றுக்கு நூறு நிரப்பி வைப்பதும் அதற்கு ஆகாதவை. பாட்டரி உப்பிக் கணினியின் அடிப்பக்கம் புடைத்தால், அமுக்கிப் பார்க்காமல் உடனே நிறுத்தி, பழுது பார்க்கக் கொடுத்து விடுங்கள்.

'ராணுவத் தரம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது என்ன என்கிறீர்களா? அமெரிக்க ராணுவம் வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு அது. ராணுவம் வந்து இந்தக் கணினியைச் சோதித்தது என்று பொருளல்ல. தயாரிப்பாளர் தாமே சில சோதனைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்யலாம். எந்தெந்தச் சோதனை என்று கேளுங்கள்.

இங்கே அந்த வீட்டில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2011-ல் மாணவ மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியதல்லவா? அந்தப் பெண்ணின் சிற்றப்பா மகனுக்குப் பள்ளியில் படிக்கும்போது கிடைத்த கணினி இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது! தடித்த உருவம். மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. பாட்டரி போனபோது தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றி வேறு போட்டானாம். வேகம் குறைந்தபோது சுழலும் வட்டை எடுத்துவிட்டு ஃப்ளாஷ் சேமிப்பைப் பொருத்தினானாம். "சில ஆயிரந்தாங்க ஆச்சு" என்றான். ஆயுளின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திறக்க முடிந்த சாமான்தான் நீடித்து உழைக்கிறது.

இடம்

கணினியில் இரண்டு விதமான இடங்கள் உண்டு. கடைக்காரர் இரண்டையும் 'ஜிபி' என்றே சொல்வதால் நமக்குக் குழப்பம். சமையலறையை நினைத்துக் கொள்ளுங்கள். 'ராம்' என்பது அடுப்பு மேடை. ஒரே சமயத்தில் எத்தனை பாத்திரம் பரப்பி வேலை செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது. 'ஸ்டோரேஜ்' என்பது உக்கிராண அறை; எவ்வளவு சாமான் வாங்கி வைக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. உக்கிராணம் எவ்வளவு பெரிதானாலும், மேடை குறுகலாயிருந்தால் சமையல் நடக்காது.

256 ஜிபி என்று வாங்கி வந்து திறந்தால் திரையில் 238 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் கணினியோ 1,024-ஐ மும்முறை பெருக்கி எண்ணுகிறது. படிக்கும் மரக்காலுக்கும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்த மாதிரிதான். அந்த 238-லும் கணினியை இயக்கும் மென்பொருளே கணிசமான இடத்தைப் பிடித்துக் கொள்ளும். மிச்சத்தில் ஆறில் ஒரு பங்கையாவது காலியாக விட்டால்தான் வேகம் கெடாது.

ஒரு படம் 4 மெகாபைட் என்றால், ஆயிரம் படங்களுக்கு 4 ஜிபி. வீடியோ நிமிஷத்துக்கு 100 மெகாபைட் என்றால், மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு 18 ஜிபி. குடும்பத்தில் நாலு கல்யாணம் நடந்தால் உக்கிராணத்தில் கணிசமான இடம் போய்விடும்!

மிகவும் மலிவான ஒல்லிக் கணினிகள் சிலவற்றில் 'இஎம்எம்சி' என்ற சேமிப்பை 64 ஜிபி மட்டும் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவே அதில் இடம் போதாமல் திணறும். அதைத் தவிர்ப்பது நலம்.

"எல்லாவற்றையும் 'கிளவுட்'டில் வைத்துக் கொள்ளலாமே?" என்று கேட்பீர்கள். மேகத்தில் வைக்கலாந்தான். மாதாமாதம் வாடகை உண்டு. அதோடு, மேகத்தை எட்ட சிக்னல் வேண்டும். மேகம் கதவைத் தட்டும் அந்த மலை வீட்டில் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறிப் போக வேண்டியிருக்கிறது!

இன்னும் ஒன்று. ஃப்ளாஷ் சேமிப்பு கெட்டால் பல சமயம் முன்னறிவிப்பின்றிக் கெடும். உள்ளதை மீட்பது கடினம். ஆகவே முக்கியமான சான்றிதழ்களையும் படங்களையும் எப்போதும் இரண்டு இடங்களில் வையுங்கள். விதை தானியத்தை யாராவது ஒரே பானையில் வைப்பார்களா?

கணினியை வைக்கும் இடத்தையும் சொல்லி விடுகிறேன். குளிரிலிருந்து சட்டென்று வெப்பமான அறைக்குள் கொண்டு வந்தால் உள்ளே ஈரம் பூக்கும். பையிலேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு திறக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது முழுதாக அணைத்து விடுங்கள். பைக்குள் விழித்திருந்தால் சூடேறும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். அதன் மூச்சுத் துளைகள் அடைபடும்.

கடையில் கேட்க வேண்டியவை

அப்பள அழகில் மயங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

ராமைக் கூட்ட முடியுமா, அல்லது பற்றவைத்ததா?

ஸ்டோரேஜை மாற்ற முடியுமா? இன்னொன்று செருகக் காலி இடம் உண்டா?

பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரிலிருந்து எத்தனை தூரம்?

உத்தரவாதத்தில் தண்ணீர் கொட்டுவதும் கீழே விழுவதும் சேருமா? (பெரும்பாலும் சேராது!)

கேட்டபின் விசைப்பலகையின் நடுவே மெல்ல அழுத்திப் பாருங்கள். தொட்டில் போலக் குழியக் கூடாது. துளைகளை எண்ணுங்கள். ரசீதில் கணினியின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு வந்து கடையில் காது கொடுத்துக் கேட்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசியில் என்ன ஆயிற்று?

மறுநாள் காலையில் இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். தகப்பனார் விரல் விட்டு எண்ணிக் கொண்டே கேட்டார். பெண் மட்டும் விளம்பரத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு மனசு சங்கடப்பட்டது. அழகான பொருளை ஒரு முறையாவது வைத்துக் கொள்ள வேண்டுமென்ற ஆசை அந்த வயசில் தப்பா?

"உனக்கு எது வேணும், சொல்லு" என்றாள் தாயார்.

பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணனோட மெஷின் மாதிரி கழட்டிப் போடற மாதிரி இருக்கணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொண்ணு கேக்க மாட்டேன்" என்றாள்.

சற்றுத் தடித்த ஒன்றை வாங்கினார்கள். 512 ஜிபி, ராமைக் கூட்டக் காலி இடமும் உண்டு. கூடவே ஒரு வெளி வட்டு. தாயாரின் சீட்டுப் பணம் தொடப்படவில்லை. திண்ணையிலும் சில மூட்டைகள் மிஞ்சின. நான் கிளம்பும்போது அவற்றில் ஒன்றை அவிழ்த்து, எனக்கு ஒரு பொட்டலம் மிளகு கட்டிக் கொடுத்தார் பெரியவர். விலை கேட்டேன். வாங்க மறுத்து விட்டார். ஓரியின் மலை அல்லவா!

சகோதரிகளே, அடுத்த முறை கடைக்காரர் இரண்டு விரல்களால் அதை எடுத்துக் காட்டும்போது, கையில் வாங்கிப் பாருங்கள், ரசியுங்கள், தப்பில்லை. பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி, திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அந்த நாலு வாழைப்பழ பாரம் பெரிதா, 45 கிலோ மிளகு பெரிதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.